அரக்கர் கட்சி அக்கா

எங்கள் முதலாளிக்கு அக்கா கிடைத்ததே திட்டு வாங்கித்தான். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி வாசலில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, இவர் உள்ளே உட்கார்ந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் பள்ளி வேன். ஹாரன் அடித்துப் பார்த்த அக்கா, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ் பாஸ்! இது என்னா உங்க தாத்தா ரோடா? புள்ளைங்களுக்கு மணி அடிச்சிருச்சு, காரை எடு லா!" என்று ஒரு சத்தம் போட்டாராம். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின என்று முதலாளி இன்றைக்கும் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்பதால் காக்கைகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வேறு ஆளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். இவர் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்து போய், "அம்மா, அரக்கியாப் பேச வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அது விசிடி ஓடிய காலம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்று பெயர்தான். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, பழைய கம்பளம் விரித்த ஒரு அறை. கீழே ரசம் தாளித்தால் மேலே கதாநாயகன் தும்முவான். முதலாளி எங்கெங்கிருந்தோ பழைய கார்ட்டூன் சண்டைப் படங்களை வாங்கி வருவார். எந்த நாட்டுப் புராணமோ, யார் யாருக்குக் கொடுத்த வரமோ சாபமோ, அவருக்கும் தெரியாது. வசனத்தை அவரே தமிழில் எழுதுவார். நாலைந்து பேர் மாறி மாறிக் குரல் கொடுப்பார்கள். நான் பதிவு செய்வேன். தயாரானதும் விசிடியாகி, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைகளில், சாத்தே இறைச்சி சுடும் புகைக்கும் துணிக்கடைக்கும் நடுவே தொங்கும்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வேனோடு அக்கா வந்துவிடுவார். பகலில் பள்ளி விடுவதற்குள் திரும்ப வேண்டும். அதற்குள் எத்தனை அரக்கர்கள் சாக முடியுமோ அத்தனை பேரும் செத்தாக வேண்டும்.

அக்காவிடம் ஒரு குணம். யாருக்குக் குரல் கொடுக்கிறாரோ, அவர்கள் கட்சி. முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. பாலத்துக்குக் காவல் இருக்கும் ஒரு பூதம். பொன்முடி வீரன் ஒருவன் வருவான், "வழி விடு" என்பான், பூதம் "யார் நீ" என்று கேட்டு முடிப்பதற்குள் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

"தங்கச்சி, நிப்பாட்டு," என்றார் அக்கா. "இவன் யாரு?"

"பூதம்கா."

"அது தெரியுது. பாலத்துல ஏன் நிக்கிறான்?"

"காவலுக்கு."

"அப்ப ஜாகா. யாரோ வேலைக்கு வச்சிருக்காங்க. யாரு எவருன்னு கேக்குறதுதானே ஜாகா வேலை? நம்ம காண்டோ மாடி வீட்டுல ஜாகாவை வெட்டிட்டு உள்ள போனா விட்டுருவாங்களா? இவனுக்கு மட்டும் கடைசியில மாலை போடுறாங்க!"

"படம் அப்படிக்கா."

"படம் அப்படின்னா, நான் இப்படி," என்று சொல்லிவிட்டு, பூதம் சாகும்போது எழுதியிருந்த "ஆ!" வுக்குப் பதிலாக, "டேய், டூட்டி முடிய இன்னும் அரைமணிதான்டா இருந்துச்சு!" என்று ஒரு அலறல் அலறினார். பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சிரித்ததில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனால் எடுத்ததை அழிக்கச் சொல்லவில்லை.

அதிலிருந்து எந்த அரக்கனும் சும்மா சாகவில்லை. ஒருவன் தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு சாவான். ஒருவன், அடுப்பில் சோறு இருப்பதை ஞாபகப்படுத்திவிட்டுச் சாவான். "அரக்கன்னா 'ஆ'ன்னா போதும்மா," என்று முதலாளி கெஞ்சினால், "எப்படி பாஸ்? வரிசையா நின்னு எல்லாரும் ஒரே மாதிரியா சாவாங்க? இவங்க என்ன கொசுவா?" என்பார்.

அக்கா சொல்லித்தான் நான் அந்தப் படங்களைச் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கு அது உதட்டசைவு, சத்த அளவு, அவ்வளவுதான். "பாரேன் தங்கச்சி. நல்லவன் எல்லாம் உரிச்ச கோழி கலரு. கெட்டவன் எல்லாம் நம்ம கலரு. ஒரு படத்துலயாச்சும் நம்ம கலர்ல ஒருத்தன் உசுரோட வீடு திரும்புறானா? பொம்பளைங்கன்னா ஒன்னு ராணி, இல்ல சூனியக்காரி. நடுவுல வேன் ஓட்டுறவ, துணி துவைக்கிறவ ஒருத்தியும் அந்த ஊர்ல கெடையாது. அப்ப அந்த ராணிக்கு யாருதான் சோறு ஆக்குறது?" ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இப்போது ஷா ஆலமில் தம்பி வீட்டுக்குப் போனால் அவன் மகள் பார்க்கும் படங்களில் எல்லா நிறத்திலும் வீரர்கள் வருகிறார்கள், சுருட்டை முடிக்காரி வாள் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். "அத்தை, கார்ட்டூனுக்குப் போய் ஏன் இப்படிச் சிரிக்கிறீங்க?" என்கிறாள் அவள். பழைய படங்களைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டாள்.

நிறமாவது எங்கேயோ, யாரோ பூசியது. தமிழை நாங்கள் பூசினோம். முதலாளிக்கு ஒரு கொள்கை இருந்தது. தெய்வமும் வீரனும் சுத்தத் தமிழ் பேச வேண்டும். அரக்கன் கிள்ளான் தமிழ் பேச வேண்டும். தெய்வங்களுக்கென்றே வானொலியில் செய்தி வாசித்த ஒரு அம்மா வருவார். அவருடைய தமிழ் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்த சேலை மாதிரி இருக்கும். "அஞ்சேல் மகனே, அறம் வெல்லும்" என்று அவர் சொன்னால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும். அடுத்த காட்சியில் அக்காவின் மலைப்பூதம், "ஏன்டா இந்த மலையில ஏறுற? இது என்னா உங்க தாத்தா ரோடா?" என்று கேட்கும்.

விசிடி பிய்த்துக்கொண்டு போனது, பூதத்துக்காகத்தான். கிள்ளானில் எந்தப் பள்ளித் திடலைத் தாண்டினாலும் பையன்கள் ஒருவனை ஒருவன் வழிமறித்து, "உங்க தாத்தா ரோடா?" என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு உறுமுவது கேட்கும். அக்காவுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான்.

எனக்கும் வீடு கிள்ளானில் என்பதால், பதிவு முடிந்து அக்கா வேனிலேயே திரும்புவேன். வழியெல்லாம் ஒரே கச்சேரி. ஓரம் உரசும் லோரிக்காரன், சிக்னல் போடாமல் திரும்பும் மோட்டார் சைக்கிள், அக்கா ஒருவரையும் விட்டுவைக்க மாட்டார். முன்பெல்லாம் பள்ளி வாசலுக்கு வந்ததும் தலையை வெளியே நீட்டி, பிள்ளைகளைப் பேர் பேராகக் கூப்பிட்டு ஏற்றுவாராம். ஆனால் கொஞ்ச நாளாக, பள்ளி நெருங்கியதும் அக்காவின் சத்தம் அடங்கிவிடுவதைக் கவனித்தேன். வாசலில் வேனை நிறுத்துவார். ஒரு ஹாரன். அப்புறம் இன்னொரு ஹாரன். வாயே திறக்க மாட்டார். பிள்ளைகள் தாமாக வந்து ஏறும். கடைசியாக அக்காவின் மகள், நாலாம் ஆண்டு படிப்பவள், யாரையும் பார்க்காமல் ஏறிப் பின்சீட்டு மூலையில் உட்காருவாள்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "என்னக்கா, தொண்டை சரியில்லையா?"

அக்கா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மகள் இன்னும் வந்திருக்கவில்லை. "அவளை ஸ்கூல்ல அரக்கி மவளேன்னு கூப்பிடுறானுங்க தங்கச்சி. நான் வாயத் தொறந்தா 'பூதம் வந்துருச்சு'ன்னு கத்துறானுங்களாம். அம்மா, ஸ்கூல் கேட்டுகிட்ட மட்டும் பேசாதம்மா, ப்ளீஸ்மான்னா. வீட்டுல பேசலாமாம்." சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. "அவனுங்களச் சொல்லல. சின்னப் புள்ளைங்க. என் குரலைக் கேலி பண்ணா பரவால்ல லா, நடிப்புதானேன்னு விட்டுருவேன். ஆனா நான் வூட்டுல பேசுறதும் இதேதானே? எங்கம்மா பேசுனது, இந்த ரோட்டுல முக்காவாசிப் பேரு பேசுறது எல்லாம் இதே தமிழ்தானே? இது பூதம் பேசுறதுன்னு என் மவளே நினைச்சுட்டான்னா, அப்புறம் அவ யாரு மாதிரி பேசுவா?"

லோரிக்காரனையே நடுங்க வைக்கிற மனுஷி, சொந்த மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு வெளியிட ஒரு படம் வந்தது. மழை இல்லாத ஒரு நாட்டு வீரன், மழை தரும் கல்லைத் தேடி ஒரு மலைக்குப் போகிறான். கல் அரக்கர்களுடையது. வழக்கம்போல வெட்டிச் சாய்க்கிறான். கடைசியில் மலைத்தாய் என்கிற தெய்வம் தோன்றி, கல்லை அவனிடம் கொடுத்து ஆசி சொல்கிறது. தெய்வத்துக்குப் பேச வேண்டிய வானொலி அம்மா, மகளுக்குப் பிரசவம் என்று பினாங்குக்குப் போய்விட்டார். தீபாவளியோ தலைக்கு மேல் வந்துவிட்டது.

"நான் பேசுறேன் பாஸ்," என்றார் அக்கா.

"நீங்க பேசுங்கம்மா, நல்லா பேசுவீங்க. ஆனா சுத்தத் தமிழ்ல..."

"அதெல்லாம் இல்ல. நான் பேசுற மாதிரியே பேசுவேன்."

முதலாளி பதறிப்போனார். "சாமி வேசம்மா! சாமி போய்க் கம்பத்துப் பட்டிக்காட்டுத் தமிழ் பேசுமா?"

"ஏன் பாஸ், அரக்கனுக்கு வாயில வந்ததெல்லாம் பேசுனேன், அப்ப நல்லா இருந்துச்சு. சாமிக்குன்னா நம்ம பேச்சு ஆவாதா? சரி, உங்க முனியாண்டி கோயில்ல சாமி வருதே, அது எந்தத் தமிழ்ல பேசுது?"

முதலாளி கிள்ளானில் இருக்கிற அந்தக் கோயிலில் கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூடத்துக்கு மேல்மாடியை எடுக்கச் சொன்னதே அந்தச் சாமிதான். முதலாளி நெடுநேரம் தாடையைத் தடவினார். பிறகு, "சரி. சாமிகிட்டயே கேட்டுருவோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போனோம். உறுமி மேளம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பூசாரிக்கு அருள் வந்தது. வாயில் சுருட்டு, கையில் அரிவாள், கண் ரெண்டும் சிவப்பு. வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும், பயத்தில் முதலாளிக்கு வசனத் தமிழ் வந்துவிட்டது.

"ஐயனே, ஒரு விண்ணப்பம். திரைப்படத்தில் தோன்றும் தெய்வம், பேச்சு வழக்கில் உரையாடுவது முறையாகுமா?"

சாமி சுருட்டை எடுத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தது. "என்னாடா சொல்ற? வெளங்குற மாதிரி பேசுடா!"

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி வசனத் தமிழை விட்டு இறங்கினார். "இல்ல சாமி... படத்துல சாமி வருது. இந்த அக்கா நம்ம பேச்சுலயே பேசுறேங்குறாங்க. சாமி அப்படிப் பேசலாமான்னு..."

"அப்ப நான் பேசுறது என்னாடா? நான் என்ன ரேடியோவுல நியூஸா வாசிக்கிறேன்?"

"ஐயோ, இல்ல சாமி!"

"என் புள்ளைங்க எப்படிக் கூப்பிடுதோ அப்படித்தான்டா நான் பேசுவேன். போ. அவ பேசட்டும். தீபாவளி வந்துருச்சு, லேட் பண்ணாத லா." சொல்லிவிட்டு ஒரு கை விபூதியை முதலாளியின் நெற்றியில் அறைந்தது. அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

அக்கா கைகூப்பி நின்றார். அன்று அவர் வாயைத் திறக்கவே இல்லை. பூசாரியின் பையனும் அக்கா வேனில்தான் பள்ளிக்குப் போகிறான் என்று எனக்குப் பல நாள் கழித்துத் தெரிய வந்தது. அதை வைத்து நாம் எதுவும் சொல்லக் கூடாது. சாமி சாமிதான்.

திங்கட்கிழமை பதிவு. முதலாளி எழுதியிருந்தது: "வீரனே, உன் வீரம் கண்டு வியந்தோம். மழைக்கல் இனி உனதே." அக்கா படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

"நம்ம ஆளுங்கள வெட்டிப் போட்டுட்டு நிக்கிறான். நான் அவனைப் பாத்து வியக்கணுமா?"

"படத்துல கல்லைக் குடுக்குதும்மா! படத்தை மாத்த முடியாது!"

"குடுக்குறேன் பாஸ். குடுக்கமாட்டேன்னு சொன்னனா?"

பதிவு விளக்கு எரிந்தது. திரையில் மலை பிளந்து, பொன்முடியும் உரித்த கோழி நிறமுமாக அந்தத் தெய்வம் எழுந்தது. அக்கா கத்தப்போகிறார் என்று நான் சத்த அளவைக் குறைத்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல மெதுவாக ஆரம்பித்தார். நான் அவசரமாக அளவை ஏற்றினேன்.

"போதும்டா, அரிவாளைக் கீழ போடு. எடுத்துட்டுப் போ. உன் ஊர்லயும் புள்ளைங்க தண்ணி இல்லாம கெடக்கும். ஆனா இது யாரு வீட்டுக் கல்லுன்னு மறந்துறாத."

வசனம் முடிந்துவிட்டது. ஆனால் திரையில் தெய்வத்தின் வாய் இன்னும் ஒருமுறை அசைந்தது. மூலத்தில் ஏதோ மந்திரம் இருந்திருக்க வேண்டும். நான் பதறிப்போய்க் கையை ஆட்டினேன். அக்கா அந்த அசையும் வாயைப் பார்த்தார், கீழே மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார்.

"சாப்டியா?" என்றார்.

உதட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தன் பிள்ளைகளைக் கொன்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் வேறு எதைக் கேட்பாள் ஒரு தாய்? நான் அழுதேவிட்டேன். இன்னொரு முறை எடுக்கலாமா என்று முதலாளியைப் பார்த்தேன். அவர் முட்டை அட்டைச் சுவரைப் பார்த்தபடி, "வேணாம்மா. அப்படியே இருக்கட்டும்," என்றார்.

வெட்டுப்பட்டவர்களும் அந்த மலைத்தாயும் ஒரே வீட்டுப் பேச்சுப் பேசியதால் படமே வேறு மாதிரி ஆகிவிட்டது. படம் வரைந்ததில் ஒரு கோட்டைக்கூட நாங்கள் மாற்றவில்லை. ஆனால் கடைசிக் காட்சியில் வீரன் கல்லோடு இறங்கிப் போகும்போது, களவாடிக்கொண்டு போகிறவன் மாதிரியே தெரிந்தான்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நான் வேனில் இருந்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து, பள்ளி நெருங்கியதும் வழக்கம்போல அடங்கிவிட்டார். விசிடியைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்களா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன்.

முதலில் ஒரு குட்டிப் பையன் ஏறினான். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, தெய்வம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சாப்டியா?" என்றான். பின்னாலேயே இன்னொருவன் ஏறி அவனிடம், "சாப்டியா?" என்றான். "டேய், அந்தச் சாமி எங்கம்மா மாதிரியே பேசுதுடா," என்றாள் மூன்றாவதாக ஏறியவள். "போடி, எங்கம்மா மாதிரி!" என்று ஒரு சண்டை ஆரம்பித்தது.

கடைசியாக அக்காவின் மகள் வந்தாள். பின்கதவுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு அக்காவின் ஜன்னலுக்கு வந்து நின்றாள். "அதெல்லாம் இல்ல. எங்கம்மாதான் அது," என்று உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னாள். பிறகு அக்காவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா சும்மா சும்மா ஹாரன் அடிக்கிற? இன்னும் ரெண்டு பேரு உள்ள நிக்கிறாங்க. பேரச் சொல்லிக் கூப்பிடேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"டேய் தர்மா! ஏய் கவிதா! அங்க என்னாடி பேச்சு, மழை வருது, ஓடியா லா!"

முதலாளி சொன்னது உண்மைதான். அன்றைக்கு நானே பார்த்தேன். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.